கினிக்கோழிக் குஞ்சு வரப்போகிறது: பெட்டி, கூண்டு, தீவனம் பற்றி யோசனை வேண்டும்

கரும்புக்காட்டு_ஓரம் (டோங்காட்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கரும்பு முடிகிற இடத்தில் இருக்கிறது, பின்வேலியைத் தாண்டினால் கரும்புதான். நாட்டுக்கோழி என் மாமியார் காலத்திலிருந்தே கொல்லையில் உண்டு, அதனால் கோழி வளர்ப்பு எங்களுக்குப் புதிதில்லை. கினிக்கோழிதான் புதிது. மச்சான் இன்குபேட்டரில் முட்டை வைத்திருக்கிறார், வாரக் கடைசியில் ஓடு உடைக்கும் என்கிறார், பொரித்த கையோடு அத்தனையையும் எங்கள் தலையில் கட்டப்போகிறார்.

வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, ஏனென்றால் எங்கள் நாய்களுக்கு உண்ணித் தொல்லை தாங்கவில்லை. அறுவடைக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைக்கிற மாதங்களில் எலியும் பாம்பும் வீட்டுப் பக்கம் ஓடி வருகின்றன. கினிக்கோழி இருந்தால் பாம்பைக் கண்டதும் ஊரைக் கூட்டிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இப்போது கேள்விகள். இருக்கிற கோழிக்கூட்டிலேயே இதுகளையும் விடலாமா, தனிக்கூடு கட்ட வேண்டுமா? குஞ்சுக்கு எவ்வளவு சூடு வேண்டும்? திடீரென்று கரண்ட் போனால் என்ன செய்வது? தீவனக் கடைக்காரர் "எல்லாம் கோழிக் குஞ்சுதானே, சாதா ஸ்டார்ட்டர் போதும்" என்று சின்னக் குஞ்சுக்கான தீவனத்தைக் காட்டுகிறார், அது சரியா? இங்கே மரநாய் மாதிரி புள்ளி போட்ட ஜெனெட், கீரி, குரங்கு, உடும்பு எல்லாம் சர்வ சாதாரணம். கடைசியாக, எப்போது வெளியே விடலாம்? எங்கள் சித்தப்பா ஒருவர் வாங்கி விட்டதெல்லாம் மறுநாளே கரும்புக்குள் பறந்து போய்த் திரும்பவே இல்லையாம்.

கொல்லைக்காரி (வெருலம்)

தங்கச்சி, முதலில் பெட்டியைப் பார்ப்போம், கூடு கட்ட உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கினிக்குஞ்சுக்குப் பெரிய எதிரி ஜெனெட்டும் இல்லை குரங்கும் இல்லை, குளிரும் ஈரமும்தான். கோழிக்குஞ்சு கொஞ்சம் நனைந்தால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், கினிக்குஞ்சு நனைந்து குளிர்ந்தால் பெரும்பாலும் அதோடு சரி. ஆனால் முதல் சில வாரத்தைத் தாண்டி இறகு முளைத்துவிட்டால் அதைப்போலக் கெட்டியான பறவை கிடையாது.

பெரிய அட்டைப் பெட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ எதுவானாலும் சரி, மூலைகளில் அட்டையை வளைத்து வைத்து உருண்டையாக ஆக்கிவிடு. பயந்தால் எல்லாம் ஒரே மூலையில் போய்க் குவியும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். தரையில் செய்தித்தாள் மட்டும் விரிக்காதே, வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்து போய்விடும். பழைய துவாலை, ரப்பர் மேட், சொரசொரப்பாக எது இருந்தாலும் போடு. மரச்சீவல் பிறகு போடலாம், தீவனம் எது குப்பை எது என்று அதற்குத் தெரிந்த பிறகு. மரத்தூள் கூடவே கூடாது, தின்றுவிடும்.

சூடு முதல் வாரம் குஞ்சு நிற்கிற உயரத்தில் 35 டிகிரி இருக்கட்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வா. நம்ம பக்கம் நவம்பர், டிசம்பரில் பகலிலேயே வெயில் கொளுத்துகிறது, மூன்றாவது நான்காவது வாரத்தில் இரவுக்கு மட்டும் விளக்கு இருந்தால் போதும் என்று ஆகிவிடும். பெட்டியில் ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் சாதாரணம், இப்படி இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தாலும் குஞ்சைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். விளக்குக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது, ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வருகிறது. பரவலாக அங்கங்கே கிடந்தால் சரியாக இருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், தூங்கும்போது கழுத்தை நீட்டி, காலை விரித்து, பொத்தென்று விழுந்து கிடக்கும், பார்த்தால் செத்த மாதிரியே இருக்கும். பதறாதே. விரலால் பெட்டியைத் தட்டு, கோடு போட்ட குட்டித் தலை சட்டென்று நிமிரும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 250 வாட்ஸ் சிவப்பு பல்பு ஒரு சின்னப் பெட்டிக்கு அதிகம், நம்ம கோடையில் அவித்துவிடும். சங்கிலியில் தொங்கவிட்டு, அது அறுந்தாலும் விழாதபடி இரண்டாவதாக ஒரு கம்பியும் கட்டு. உமியும் அட்டையும் இருக்கிற இடத்தில் பல்பு விழுந்தால் வீடே போய்விடும். டெஃப்லான் பூசிய பல்பு என்று சில உண்டு, உடையாமல் இருக்கப் பூசுவார்கள், அது சூடானதும் வருகிற புகை பறவைக்கு விஷம். வாங்கும்போது கேட்டு வாங்கு.

தண்ணீருக்குக் காடைக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி ஆழமில்லாத தட்டு, அதிலும் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிரப்பி இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி. கோழிக்குஞ்சு குடிக்கிற மூடியில் இது மூழ்கிவிடும். குழாய்த் தண்ணீரைச் சில்லென்று ஊற்றாதே, வெதுவெதுப்பாக ஊற்று. பெட்டிக்குள் விடும்போதே ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தரம் தண்ணீரில் தொட்டு எடு, அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே வலை போட மறக்காதே, இரண்டாவது வாரத்திலேயே எகிறிக் குதித்து வெளியே வந்துவிடும்.

சாட்ஸ்வொர்த்_மாடிவீடு

மன்னிக்கணும், யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்தார், நான் சுவருக்கு இந்தப் பக்கம். விடியற்காலை இருட்டிலேயே ஆரம்பிக்கும், தபால்காரர் வந்தால் கத்தும், பிளாஸ்டிக் பை பறந்தால் கத்தும், ஒன்று தனியாகிப்போனால் கிடைக்கும்வரை கத்தும். பாம்பு வந்தால் சொல்லும் என்கிறீர்கள், ஆமாம் சொல்லும், ஆனால் எலி வந்தாலும் ஏணியை இடம் மாற்றி வைத்தாலும் அதே குரலில்தான் சொல்லும். உங்களுக்குக் கரும்புக்காடு பக்கத்தில் இருப்பதால் தப்பித்தீர்கள். எங்களை மாதிரி ஒட்டிக் கட்டிய வீட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் நகராட்சியில் எத்தனை பறவை வைக்கலாம் என்று விசாரித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை கொடுத்தால் கோபம் கொஞ்சம் தணியும், அது வேறு விஷயம்.

மேட்டுக்கொல்லை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அக்கா சொன்னதற்கு மேல் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தீவனத்துக்கும் கூட்டுக்கும் வருகிறேன்.

தீவனக் கடைக்காரர் சொன்னதை அப்படியே கேட்காதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, கினிக்குஞ்சுக்கு முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் புரதம் 24 முதல் 26 சதவீதம் வேண்டும். சாதாக் கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டரில் 18, 20 என்றுதான் இருக்கும். வான்கோழிக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டரோ, வேட்டைப் பறவைக் குஞ்சுக்கான கேம்பேர்ட் ஸ்டார்ட்டரோ கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால் இருக்கிற தீவனத்தோடு அவித்த முட்டையைப் பொடியாக நசுக்கிக் கலந்து கொடுக்கலாம், மிச்சத்தை மணிக்கணக்கில் விட்டுவைக்காமல் எடுத்துவிட வேண்டும், இந்த வெக்கையில் கெட்டுப்போகும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம், இதைப் பலபேர் சொல்வதே இல்லை. இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க கோழித் தீவனத்தில் மருந்து கலப்பார்கள், பிராய்லர் தீவனங்களில் இது சகஜம். அந்த மருந்துகளில் மொனென்சின் என்று ஒன்று உண்டு. கோழிக்கு அது ஒன்றும் செய்யாது, கினிக்கோழியைக் கொன்றுவிடும். குதிரையையும் கொல்லும், வீட்டில் குதிரை வைத்திருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவதற்கு முன் தைத்திருக்கிற சீட்டைத் திருப்பிப் பாருங்கள், எந்த மருந்து எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், எந்தப் பிராணிக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மொனென்சின் பெயர் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அந்த வகை மருந்துகள் பொதுவாகவே கினிக்கும் வான்கோழிக்கும் வம்பு, ஆகவே மருந்தே கலக்காத மூட்டை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ஆம்ப்ரோலியம் என்று போட்டிருந்தால் பயமில்லை. பெரிய கோழிகளுக்கு வாங்கி வைத்த மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிற பழக்கமும் வேண்டாம், எந்த மூட்டை எதற்கு என்று மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள், வீட்டில் எல்லாரும் தீவனம் போடுவார்கள்.

இப்போது கூடு. இருக்கிற கோழிக்கூட்டில் பெரிதானதும் விடலாம், இடம் தாராளமாக இருந்தால். கினிச்சேவல் முரடு, கோழிச்சேவலை விரட்டி விரட்டிக் கொத்தும், மூலையில் மாட்டினால் விடாது. ஒரு பறவைக்கு மூன்று நான்கு சதுர அடியாவது வேண்டும், தப்பி ஓட இரண்டு வழியாவது வேண்டும். என்னைக் கேட்டால் ஒரே கூரைக்குக் கீழே நடுவில் கம்பி வலை போட்டுத் தனித்தனியாகப் பிரித்துவிடுவேன்.

உயரமாகக் கட்டுங்கள். கினி மரத்தில் ஏறித் தூங்குகிற சாதி, அதனால் உட்காரும் கட்டை நாலு ஐந்து அடி உயரத்திலாவது இருக்கட்டும், எல்லாக் கட்டையும் ஒரே மட்டத்தில் இருந்தால் மேல் இடத்துக்குச் சண்டை வராது. கதவு அகலமாக, உள்ளே கொஞ்சம் வெளிச்சத்தோடு. இருட்டுப் பொந்துக்குள் இது நுழையாது, வாசலில் நின்று கத்திவிட்டுக் கூரைமேல் ஏறிவிடும். ஒரு சின்ன சோலார் விளக்கை உள்ளே மாட்டி, எல்லாம் ஏறி உட்கார்ந்ததும் அணைத்துவிடுங்கள்.

வலை என்றால் அறுகோணக் கோழிவலை இல்லை. அது கோழியை உள்ளே வைக்கும், ஜெனெட்டை வெளியே வைக்காது, நாய் ஒரு கடி கடித்தால் கிழிந்துவிடும். 12 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த சதுர வலை, போடுங்கள், எலியும் பெரிய பாம்பும் நுழையாது, கினிக்குஞ்சும் வெளியே நழுவாது. குஞ்சு எவ்வளவு சின்ன இடுக்கில் புகுந்துவிடும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். அடியில் தோண்டி நுழையாமல் இருக்க வலையைத் தரையோடு வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு மடக்கிப் போட்டு மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடுங்கள். தாழ்ப்பாள் குரங்கு திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். கொக்கியைத் தூக்குவது அதற்கு விளையாட்டு, மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டுகிற ஸ்பிரிங் வளையம் மாதிரி கேராபைனர் கிளிப் போடுங்கள். முட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டால் கூட்டமே வரும்.

டோங்காட் என்பதால் இன்னொன்று: 2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையை மேடு பண்ணி, மழைத்தண்ணீர் வழிந்தோட வாட்டம் கொடுத்துக் கட்டுங்கள்.

கினிமேய்ப்பவன் (மிட்ராண்ட், ஊர் ஈரோடு)

நான் இங்கே வேலைக்கு வந்து கொல்லையோடு ஒரு வீடு கிடைத்ததும் செய்த முதல் வேலை கோழி வாங்கியதுதான். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பெட்டி, பல்பு, தெர்மாமீட்டர் இதெல்லாம் எதற்கு? வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது என்கிறார்கள், அதில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்தது. ஊரில் எங்கள் அம்மாயி அப்படித்தான் செய்வார். கினிமுட்டை சின்னது, பெரிய உடம்புக் கோழி பதினைந்துக்கு மேலேயே அணைக்கும். கோழிமுட்டை 21 நாள், இது 26 முதல் 28 நாள், அந்த ஒரு வாரம் கூடுதலாக உட்காருகிற பொறுமைசாலிக் கோழியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கினிப்பெட்டையை நம்பி மட்டும் விடாதீர்கள், காலைப் பனியில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விடும், பின்னால் ஓடி ஓடி ஒவ்வொன்றாக விழும், அது திரும்பிக்கூடப் பார்க்காது.

மச்சான் இன்குபேட்டரில் வைத்தாயிற்று, சரி. அப்போதும் கொஞ்ச நாளாக அடையில் இருக்கிற கோழிக்கு அடியில் இரவில் குஞ்சுகளை மெல்ல நுழைத்துவிடலாம். பொரித்து ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டும், காலையில் கோழி தன் குஞ்சு என்று ஏற்றுக்கொள்கிறதா கொத்துகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கரண்ட் போனால் என்ன என்கிற கேள்வியே இல்லை. அதைவிடப் பெரிய லாபம், தாய்க்கோழி சாயங்காலம் கூட்டுக்குள் போகும், குஞ்சும் போகும், அதுவே பழகிவிடும். இங்கே ஹைவெல்ட் என்கிற மேட்டுநிலத்தில் கோடையிலும் ஆலங்கட்டி மழைக்குப் பிறகு ராத்திரி குளிர் சுள்ளென்று இருக்கும், எனக்குக் கோழிதான் கை கொடுத்தது.

இன்னொன்று கறையான். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்துக் கறையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும். வெயில் ஏறும் முன் எடுத்துத் தட்டிவிட வேண்டும். புரதத்துக்குப் புரதம், காசும் இல்லை. அட்டைத்துண்டில் தட்டிவிட்டதும் குஞ்சுகள் ஒன்று வாயிலிருப்பதை ஒன்று பிடுங்கிக்கொண்டு ஓடுகிற வேடிக்கைக்காகவே நான் செய்வேன். பூச்சிமருந்து அடித்த இடத்துக் கறையானை எடுக்காதீர்கள்.

கொல்லைக்காரி (வெருலம்)

தம்பி, அடைக்கோழி நல்லதுதான், ஆனால் அது தங்கச்சி வீட்டில் இப்போது அடையில் இருக்கிறதா என்பதே தெரியாது, குஞ்சு வாரக் கடைசியில் வருகிறது. அடைக்கோழிக்குப் பேனும் செதில்பூச்சியும் இருந்தால் முதல் நாளே குஞ்சுக்கு ஏறிவிடும், அடையில் வைக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பழைய கோழிக்கூட்டுத் தரையில் தாயோடு குஞ்சுகளை விட்டால் இரத்தக் கழிச்சலும் கருந்தலை நோயும் வர வாய்ப்பு உண்டு. கருந்தலை கோழியின் குடல்புழு முட்டையோடு வருகிற நோய், கோழி தாங்கிக்கொள்ளும், வான்கோழிதான் அதற்கு ரொம்பப் பலியாகும் என்றாலும் கினிக்கும் வரும். அப்படிச் செய்வதானால் தாயையும் குஞ்சையும் தனியாக, கோழி நடமாடாத புது மண்ணில், பஞ்சாரத்துக்கு அடியில் வையுங்கள். கறையான் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை நானும் செய்துபார்க்கப் போகிறேன்.

கரண்ட் கேள்விக்கு: 2023-இல் இருந்த லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) மாதிரி இப்போது இல்லை என்றாலும் இடிமழை வந்தால், எவனாவது கம்பியைத் திருடினால் மணிக்கணக்கில் போய்விடுகிறது. இரண்டு மூன்று லிட்டர் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துவாலையில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வை, குஞ்சுகள் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் மேல் முக்கால் பாகம் கம்பளி போடு, கால் பாகம் காற்றுக்கு விடு. தண்ணீர் ஆறினால் மாற்று, ஃபிளாஸ்க்கில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கட்டும். மூடின அறையில் காஸ் ஹீட்டர், பாரஃபின் அடுப்பு எதையும் பற்றவைக்காதே, பறவைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. கரண்ட் போய்த் திடீரென்று இருட்டானால் பயந்து குவியும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் பேட்டரி விளக்கு ஒன்று பக்கத்தில் எரியட்டும்.

கரும்புக்காட்டு_ஓரம் (டோங்காட்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குஞ்சுகள் வந்துவிட்டன! அக்கா சொன்னபடி ரப்பர் மேட், கோலிக்குண்டு, துவாலை எல்லாம் போட்டாயிற்று. மூட்டைச் சீட்டைப் படித்தோம், கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததில் மொனென்சின் இருந்தது, நல்லவேளை. வேறு கடையில் வான்கோழி ஸ்டார்ட்டர் வாங்கிவிட்டோம்.

ஒரு குஞ்சுக்கு மட்டும் கால் விரிந்திருக்கிறது, மச்சான் இன்குபேட்டரிலேயே அப்படி இருந்ததாம், தத்தித் தத்தித் தண்ணீர் வரை போகிறது, நிற்க முடியவில்லை. ஏதாவது செய்யலாமா? அப்புறம், தினமும் காலையில் காட்டுக் கினிக்கோழிக் கூட்டம் ஒன்று வேலிக்கு வெளியே மேய வருகிறது. நம்முடையதும் அதுவும் ஒரே சாதிதானே, கலந்துவிட்டால் என்ன ஆகும்?

கொல்லைக்காரி (வெருலம்)

கால் விரிந்த குஞ்சை இன்றைக்கே கட்டு, நாளைக்கு என்று வைக்காதே, எலும்பு இளசாக இருக்கிற முதல் இரண்டு மூன்று நாள்தான் திரும்பும். பிளாஸ்டர் பட்டையை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சன்னமாக வெட்டி, இரண்டு காலையும் குஞ்சு இயல்பாக நிற்கும் அளவு இடைவெளியில் எட்டு மாதிரி சுற்று. ஒட்டுகிற பக்கம் தோலில் படாமல் நடுவில் மடித்துவிடு. இறுக்கக் கட்டினால் பாதம் வீங்கும், தினமும் பார். முதலில் விழும், எழும், மற்றதெல்லாம் மிதித்துக்கொண்டு போகும், அதனால் வலைத்தடுப்பு போட்டு அதே சூட்டில் தனியாக வை, ஆனால் மற்றவை கண்ணில் தெரிய வேண்டும், தனியாக விட்டால் கத்திக் கத்தியே சோர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் அவிழ்த்துப் பார். அடுத்த தடவை மச்சானை இன்குபேட்டர் தட்டிலும் சொரசொரப்பாக ஏதாவது விரிக்கச் சொல்.

மருந்துப்பெட்டி (டர்பன், கால்நடை மருத்துவமனையில் வேலை)

காட்டுக் கினி பற்றி நான் சொல்கிறேன். ஆமாம், இரண்டும் ஒரே இனம்தான், இந்த மண்ணின் பறவை. கலந்தால் இரண்டு பிரச்சினை. ஒன்று, உங்களுடையது கூட்டத்தோடு போய்விடும், இனப்பெருக்க காலமான கோடையில் குறிப்பாக. இரண்டாவது நோய். பறவைக் காய்ச்சல் 2017-இலும் 2023-இலும் இந்த நாட்டில் எத்தனை கோழிப்பண்ணையைத் துடைத்துப்போட்டது, 2023-இல் முட்டையே கடையில் கிடைக்காமல் போனதே, நினைவிருக்கும். ஆகவே தீவனமும் தண்ணீரும் கூரைக்குள் மட்டும் வையுங்கள், வேலி ஓரத்தில் சிந்தவிடாதீர்கள். சிந்துகிற தானியம்தான் காட்டுப் பறவையைக் கூப்பிடுகிறது. கூட்டுக்குள் போக ஒரு செருப்பு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி எப்போது போடுவது என்று உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று பல பறவைகள் ஒன்றாகச் செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காமல் அரசு கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மற்றொன்று, கரும்புக்குள் காட்டுக்கினி முட்டைக் குவியலைப் பார்த்தால் எடுத்து வந்து இன்குபேட்டரில் வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றும். அது காட்டு விலங்குச் சட்டத்தில் வருகிற விஷயம், நம்ம மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வேலோ அலுவலகத்தில் கேட்காமல் தொடாதீர்கள்.

பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கோழிக்குப் பழகிய கை தானாக அங்கே போகும். கினிக்குக் கால் சுலபமாகப் பிசகிவிடும். இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.

மேட்டுக்கொல்லை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வெளியே விடுவதைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை, உங்கள் சித்தப்பா கதை அங்கேதான் இருக்கிறது. வாங்கிய மறுநாள் கதவைத் திறந்தால் எந்தக் கினியும் திரும்பி வராது, அதற்கு அது வீடு என்றே தெரியாதே. ஆறு வாரத்தில் முழு இறகு வந்ததும் பெட்டியிலிருந்து பெரிய கூட்டுக்கு மாற்றுங்கள், அங்கேயே இன்னும் ஆறு வாரமாவது, மொத்தம் மூன்று மாத வயது ஆகும்வரை அடைத்து வையுங்கள். வலை வழியாகக் கொல்லையும் வீடும் நாயும் நீங்களும் தெரிய வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு தகர டப்பாவில் பாபாலா போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கம்புதான், பயிர்விதை விற்கிற கடையில் மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் விதைக்காக மருந்து தடவிச் சாயம் ஏற்றியதை வாங்காதீர்கள், அது விஷம். தினமும் சூரியன் இறங்குகிற நேரத்துக்கு டப்பாவைக் குலுக்கி, கூட்டுக்குள் ஒரு கைப்பிடி வீசுங்கள். வேறு எந்த நேரத்திலும் கம்பு கொடுக்காதீர்கள். கொஞ்ச நாளில் குலுக்குகிற சத்தம் கேட்டதும் கட்டையிலிருந்து தொப் தொப்பென்று குதித்து வந்து நிற்கும்.

அப்புறம் முதல் நாள் சாயங்காலம் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றை மட்டும் வெளியே விடுங்கள். மற்றதெல்லாம் உள்ளே. அது எங்கேயும் போகாது, கூட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டு உள்ளே வர வழி தேடும், கினிக்குத் தனியாக இருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. டப்பாவைக் குலுக்கி உள்ளே சேருங்கள். சில நாளில் இரண்டு, அப்புறம் நாலு, எப்போதும் பாதியாவது உள்ளே இருக்கட்டும். முழுக் கூட்டத்தையும் வெளியே விட்ட பிறகும் சாயங்காலக் கம்பை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் தவறினால் மரத்தில் ஏறும், மறுநாள் மரமே வீடாகிவிடும், மரத்தில் தூங்குவதை ஆந்தையும் ஜெனெட்டும் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போகும். இறக்கையை வெட்டி விடலாமா என்று கேட்பார்கள். கொல்லை முழுக்க நல்ல சுவர் இருந்தால் தவிர வேண்டாம் என்பேன், நாய் துரத்தினால் பறந்து தப்பிக்க வேண்டுமே.

முட்டைக்கு வரும்போது சொல்லுங்கள், புல்லுக்குள் ஒளித்து வைக்கிற வித்தையைக் கண்டுபிடிப்பது தனிக்கதை. காலை பத்து பதினொரு மணிவரை கூட்டிலேயே வைத்துவிட்டு அப்புறம் திறந்தால் பாதி முட்டையாவது உள்ளேயே விழும்.

சாட்ஸ்வொர்த்_மாடிவீடு

சேவல் எது பெட்டை எது என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் யாராவது சொல்லிவிடுங்கள், சேவலைக் குறைத்தால் சத்தம் குறையுமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

மேட்டுக்கொல்லை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

குறையாது, ஓயாமல் இரண்டு அசையில் கத்துவது பெட்டைதான். சேவலால் அந்த இரட்டைக் குரல் எழுப்ப முடியாது, ஒற்றை ஒற்றையாகத்தான் கத்தும், பயந்தால் இரண்டுமே ஒற்றையாக அடுக்கும். இரண்டு மாத வயதுவாக்கில் குரலை வைத்துப் பிரிக்கலாம். அலகுக்குக் கீழே தொங்கும் தாடி சேவலுக்குப் பெரிதாகக் குழிந்து இருக்கும், அது வளர்ந்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும். ஒரு சேவலுக்கு நாலு ஐந்து பெட்டை போதும்.

கரும்புக்காட்டு_ஓரம் (டோங்காட்)

கட்டுப் போட்ட குஞ்சு இன்று கட்டோடு ஓடுகிறது, அக்காவுக்குத்தான் நன்றி. கூட்டு வேலை சனிக்கிழமை தொடங்குகிறோம். மேட்டுக்கொல்லை அண்ணா, 12 மில்லிமீட்டர் மெஷ்ஷிலேயே இரண்டு மூன்று விலையில் காட்டுகிறார்கள், கம்பி கனம் எவ்வளவு பார்த்து வாங்குவது?

மேட்டுக்கொல்லை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், கையால் வளைத்தால் எதிர்க்க வேண்டும். கடற்கரைக் காற்று உங்கள் பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், அதனால் வெல்டு செய்த பிறகு கால்வனைஸ் செய்ததா (துத்தநாகம் பூசியதா) என்று கேளுங்கள். ஸ்டேபிள் அடித்து நிறுத்தாதீர்கள், ஜெனெட் இழுத்தால் பிய்ந்து வரும். வலையின் ஓரத்தில் மரப்பட்டை வைத்து ஸ்குரூ போட்டு முடுக்குங்கள்.